கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்ற ஒரே வரிக்குள் ஐந்து தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. பட்டனை அழுத்தினால் மூச்சே இல்லாமல் கிடப்பது ஒன்று. ஃபேன் எல்லாம் சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும், இது இன்னொன்று. ஆன் ஆன வேகத்திலேயே அணைந்துவிடுவது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்து நிற்பது, விண்டோஸ் வட்டம் சுற்றிச் சுற்றி மறுபடி ரீஸ்டார்ட் ஆவது என்று மீதி மூன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, செலவும் வேறு.

எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. அதைப் பார்க்காமல் கடையில் கொண்டுபோய் வைத்தால் "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்ற பதில்தான் முதலில் வரும். ஃபார்மட்டில் சரியாகிவிடக்கூடிய கோளாறு அந்த ஐந்தில் ஒன்றே ஒன்று. மற்ற நான்கில் உங்கள் ஃபைல்கள் போகும், கோளாறு அப்படியே இருக்கும்.

கீழே உள்ளவை வீட்டு டெஸ்க்டாப்புக்கு எழுதியவை. விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

1. ஸ்க்ரூ கழற்றும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

முதலில் பில். கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி) ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாரண்டி. மதர்போர்டுக்கு மூன்று ஆண்டு, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை பரவலாகத் தருகிறார்கள். "ஒரு வருஷம் முடிஞ்சுதே" என்று நினைத்துப் புதிது வாங்கிவிடாதீர்கள். தெர்மல் பேப்பர் பில் ஓரிரு ஆண்டில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைப்பது நல்லது. பாகங்களின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரைக் கிழித்தால் வாரண்டி போய்விடும், அழுக்கு என்று சுரண்டக் கூடாது.

அடுத்தது பிட்லாக்கர் ரெக்கவரி கீ. விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் லாகின் செய்திருந்தால், உங்களைக் கேட்காமலே டிரைவ் பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு உண்டு. பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் ஓடும், மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) ஏதாவது மாற்றினால் அடுத்த முறை இந்தக் கீயான 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கலாம். அந்த எண் இல்லையென்றால் டிரைவில் இருப்பதை யாராலும் திறக்க முடியாது, எந்தக் கடைக்காரராலும் முடியாது. போனில் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டைத் திறந்து, டிவைஸஸ் பகுதியில் அந்தக் கீயைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்ட பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

கருவிகள் அதிகம் வேண்டாம்: ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், வெள்ளை அழிரப்பர், உலர்ந்த 1 இன்ச் பெயின்ட் பிரஷ், டார்ச், 8 ஜிபியோ அதற்கு மேலோ உள்ள பென் டிரைவ் இரண்டு. அரை நாள் ஒதுக்குங்கள். அவசரத்தில் செய்தால் கிளிப் உடையும்.

திறக்கும் முன் சுவர் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிய பின் பவர் பட்டனை 10 நொடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் வடியும். கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கை வையுங்கள். எந்த வயரைப் பிடுங்குவதாக இருந்தாலும் முதலில் ஒரு போட்டோ. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் (கரண்டைச் சேர்த்து வைக்கும் பாகம்) ஆளைத் தூக்கியடிக்கும் அளவுக்குக் கரண்ட் இருக்கும்.

2. பட்டனை அழுத்தினால் ஒன்றுமே இல்லை

சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் யூபிஎஸ். வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டில் செத்துவிடும். யூபிஎஸ்ஸில் விளக்கு எரிந்தாலும் கம்ப்யூட்டர் இழுக்கும் லோடை அது தாங்காது. கம்ப்யூட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். ஸ்பைக் பஸ்டர் பலகையையும் நடுவில் வைக்காதீர்கள்.

அடுத்து பவர் கார்டு. பெரும்பாலான மானிட்டருக்கும் சிபியு பெட்டிக்கும் ஒரே மாதிரி கார்டுதான். மாற்றி மாட்டினால் கார்டில் கோளாறா என்பது ஒரு நிமிடத்தில் தெரியும். எஸ்எம்பிஎஸ் பின்பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். பெருக்கித் துடைக்கும்போது கை பட்டு அது அணைந்திருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆன், வட்டம் போட்ட பக்கம் என்றால் ஆஃப்.

இவ்வளவுக்கும் அசையவில்லையா? கேபினெட்டின் முன்பட்டனே தேய்ந்திருக்கலாம். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், மதர்போர்டின் கீழ் ஓரத்தில் மெல்லிய வயர்கள் கொத்தாக மாட்டியிருக்கும். அதில் பவர் எஸ்டபிள்யூ என்று எழுதிய இரண்டு பின் கனெக்டரை எடுத்துவிட்டு, மின்சாரம் இருக்கும்போது அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி ஒன்றாகத் தொடுங்கள். இங்கே ஓடுவது சின்ன வோல்டேஜ்தான், கைக்கு ஆபத்தில்லை. கம்ப்யூட்டர் எழுந்துவிட்டால் கோளாறு பட்டனில். ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் மாட்டிவிட்டால் செலவே இல்லாமல் வேலை முடியும்.

அதுவும் பலிக்கவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகச் சோதிக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டிலிருந்து 24 பின் கனெக்டரையும் மற்ற எல்லா வயர்களையும் எடுத்துவிடுங்கள். 24 பின்னில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் வளைத்த கம்பித் துண்டால் இணைத்து, பிறகு கரண்ட் கொடுத்தால் எஸ்எம்பிஎஸ் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். லோடு இல்லாதபோது ஃபேனையே சுற்றவிடாத சில விலை உயர்ந்த மாடல்கள் மட்டும் விதிவிலக்கு. எல்லா வயரும் கறுப்பாக இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள். பின்னை எண்ணுவதில் தவறினால் விளைவு கெட்டது.

ஃபேன் சுற்றினால் மட்டும் எஸ்எம்பிஎஸ் நல்லது என்று ஆகிவிடாது. மல்டிமீட்டர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள், சிவப்பில் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். புதிது வாங்கும்போது கேபினெட்டோடு சும்மா வரும் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ் வேண்டாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில் அது போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். பெயர் பெற்ற கம்பெனியின் 450 வாட் சுமார் 2,000 ரூபாயில் தொடங்குகிறது. கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது தாராளம்.

கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறதா? அது கம்ப்யூட்டரின் கோளாறாக இருப்பதைவிட வீட்டு வயரிங்கில் எர்த் இல்லாமல் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதை முதலில் சரி செய்யுங்கள்.

3. ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு

அதிகம் வருவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். "போர்டு போச்சு" என்று சொல்லப்படும் கம்ப்யூட்டர்களில் பல, ரேமைக் கழற்றி மாட்டினால் எழுந்துவிடும்.

முதலில் மானிட்டர் கேபிள். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரில் பின்பக்கம் இரண்டு இடத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்கும். மேலே யுஎஸ்பி துளைகளோடு இருப்பது மதர்போர்டுடையது. கீழே படுக்கைவாட்டில் தனியாக இருப்பது கார்டுடையது. கார்டில்தான் மாட்ட வேண்டும். பெயரின் கடைசியில் எஃப் என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள்ளே கிராஃபிக்ஸே கிடையாது. அவற்றில் மதர்போர்டு துளை எப்போதும் கறுப்பையே காட்டும்.

பிறகு ரேம். பிளக்கைப் பிடுங்கி, ஸ்லாட்டின் முனையில் உள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் ரேம் மேலே எழும்பும். சில போர்டுகளில் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கும், மறுமுனையை நெம்பாதீர்கள். ரேமை ஓரங்களைப் பிடித்து எடுங்கள். கீழே வரிசையாக இருக்கும் தங்க நிறக் கோடுகளில் விரல் படக் கூடாது. மழைக்காலத்தில், கடலோர ஊர்களில், அந்தக் கோடுகளின் மேல் மங்கலாக ஒரு படலம் உட்கார்ந்துவிடும். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் பளபளப்பு குறைந்த திட்டுகள் கண்ணுக்கே தெரியும். ஸ்லாட்டில் இரண்டு மூன்று முறை மாட்டி எடுத்தாலே பெரும்பாலும் படலம் உரசிப் போய்விடும். போகாவிட்டால் வெள்ளை அழிரப்பரால் மெதுவாக, ஒரே திசையில், நான்கைந்து இழுப்பு. அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், அது மிக மெல்லியது. ரப்பர் துகளை முழுக்கப் பிரஷால் தட்டிவிட வேண்டும். ஒரு துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் புதிய கோளாறை நீங்களே உண்டாக்கியதாக ஆகும்.

மாட்டும்போது ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துகிறதா பார்த்து, இரு முனையையும் கட்டைவிரலால் 'டக்' என்று கிளிப் பூட்டும்வரை அழுத்துங்கள். நாம் பயப்படுவதைவிடச் சற்றுக் கூடுதல் பலம் தேவைப்படும். இரண்டு ரேம் இருந்தால் முதலில் ஒன்றை மட்டும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் வையுங்கள். எழவில்லை என்றால் அதே ஸ்லாட்டில் மற்றொரு ரேம். இப்படி மாற்றி மாற்றிப் பார்த்தால் ரேமில் கோளாறா, ஸ்லாட்டில் கோளாறா என்பது பிரிந்துவிடும். 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது, சந்தேகத்தின் பேரில் புதிது வாங்காதீர்கள்.

டிடிஆர்5 ரேம் உள்ள புதிய கம்ப்யூட்டரில் ஒரு பொறி இருக்கிறது. ரேமைக் கழற்றி மாட்டியதும் முதல் முறை ஆன் செய்யும்போது, போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். 30 நொடியில் பொறுமையிழந்து அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

கோளாறு ரேமில் இல்லையென்றால் பிராசஸருக்குப் பக்கத்தில் மாட்டும் 4 அல்லது 8 பின் பவர் கனெக்டரைப் பாருங்கள். கேபினெட்டின் மேல் மூலையில், கண்ணில் படாத இடத்தில் இருக்கும். அது தளர்ந்திருந்தால் எல்லா ஃபேனும் சுற்றும், பிராசஸருக்கு மட்டும் கரண்ட் போகாது. புதிய போர்டுகளில் பலவற்றில் சிபியு (பிராசஸர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராஃபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நான்கு குட்டி விளக்குகள் இருக்கும். எதில் எரிந்து நிற்கிறதோ அங்கே கோளாறு. பழைய போர்டில் இந்த வேலையைப் பீப் சத்தம் செய்யும். விடாமல் திரும்பத் திரும்ப அடித்தால் பெரும்பாலும் ரேம். ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ். கம்பெனிக்குக் கம்பெனி கணக்கு மாறும், போர்டின் மேனுவலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போர்டின் மேல் நிற்கும் உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, மேலே பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அது போர்டு ரிப்பேர். வீட்டு வேலை அதோடு முடிந்தது.

4. ஆன் ஆகி ஐந்து பத்து நொடியில் அணைகிறது

பிராசஸர் சூடாகிறது, அல்லது எங்கோ ஷார்ட் ஆகிறது. இன்டெல்லோடு வரும் கூலர் ஃபேன் நான்கு பிளாஸ்டிக் காலில் நிற்கும். ஒரு கால் எழும்பியிருந்தாலே போதும். கூலரை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது. கழற்றினால் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை (பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) முழுக்கத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

ஷார்ட் என்றால் நம் ஊரில் பல்லி, எறும்பு, கழன்று விழுந்த ஸ்க்ரூ. எஸ்எம்பிஎஸ்ஸின் காற்றுத் துளை வழியே உள்ளே போன பல்லி, போர்டைவிட எஸ்எம்பிஎஸ்ஸைத்தான் முதலில் கொல்லும். தூசியைப் பிரஷாலோ புளோயராலோ எடுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுற்றவிடக் கூடாது.

5. தேதி தப்பாகிறது, எஃப்1 அழுத்தச் சொல்கிறது

சிமாஸ் பேட்டரி, அதாவது மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி, தீர்ந்துவிட்டது. சிஆர்2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும், 50 ரூபாய்க்குள். சின்ன விஷயம்தான், ஆனால் பேட்டரி தீர்ந்தாலோ மாற்றினாலோ பயாஸ் அமைப்பு கம்பெனியிலிருந்து வந்தபடி ஆகிவிடலாம். டிஸ்கோடு போர்டு பேசும் முறையான டிஸ்க் மோட், ரெய்டு என்பதிலிருந்து ஏஹெச்சிஐ என்பதற்கு மாறினால் விண்டோஸ் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பார்ப்பவர்கள் "விண்டோஸ் கரப்ட்" என்று சொல்லி ஃபார்மட் அடித்துவிடுவார்கள். கம்ப்யூட்டர் நன்றாக இருக்கும்போதே பயாஸின் பூட் பக்கத்தையும் ஸ்டோரேஜ் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்தால் உங்கள் அமைப்பைத் திரும்ப வைக்க இரண்டு நிமிடம் போதும்.

6. "நோ பூட்டபிள் டிவைஸ்" என்று வந்து நிற்கிறது

மாட்டியிருக்கும் பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்டு டிஸ்க் அனைத்தையும் எடுத்துவிட்டு ஆன் செய்யுங்கள். அதோடு சரியாகிவிட்டால் நல்லது. இல்லையென்றால் ஆன் ஆகும்போது டெலீட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். உங்கள் டிஸ்கின் பெயர் அங்கே தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

தெரிந்தால் பூட் வரிசையில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதை முதலில் வைத்துச் சேவ் செய்யுங்கள். தெரியாவிட்டால் டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா டேட்டா கேபிளை மாற்றி, போர்டில் வேறு துளையில் மாட்டிப் பாருங்கள். கேபிள் நூறு ரூபாய் சமாச்சாரம்.

ஹார்டு டிஸ்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று ஒரே சீரான சத்தம் வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். இன்னொரு முறை ஆன் செய்து பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஒவ்வொரு முறை சுற்றும்போதும் உள்ளே இருப்பது இன்னும் கொஞ்சம் சிதையும். டேட்டா முக்கியம் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் நேராகப் போங்கள். எஸ்எஸ்டி சத்தமே போடாமல் சாகும், அதற்கு முன்னறிவிப்பு கிடைப்பது அரிது.

7. டிஸ்க் தெரிகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை என்றால் முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்

ரிப்பேரைத் தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். தெரிந்தவர் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதில் ஓடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவில் ஏற்றுங்கள். சுமார் 3 ஜிபி டவுன்லோட். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். அதை மாட்டி, ஆன் ஆகும்போது பூட் மெனு கீயைத் தட்ட வேண்டும்: டெல், லெனோவா, ஏசர், கிகாபைட்டில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, எம்எஸ்ஐயில் எஃப்11, ஆசஸ் போர்டில் எஃப்8. மின்ட் பென் டிரைவிலிருந்தே ஓடும், உங்கள் டிஸ்கைத் தொடாது. அங்கே டெஸ்க்டாப்பில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானை மட்டும் கிளிக் செய்துவிடாதீர்கள்.

"என் ஃபைல் எல்லாம் டி டிரைவில்தான் இருக்கு" என்பது பலருடைய நம்பிக்கை. டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் நான்கும் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும். டேலிபிரைம் என்ற கணக்கு மென்பொருளின் கணக்குகள் வழக்கமாக அதே யூசர்ஸில் பப்ளிக் என்பதற்குள் இருக்கும். உங்கள் பெயருள்ள ஃபோல்டரை மட்டும் காப்பி செய்தால் ஒரு வருடக் கணக்கு போய்விடும். டிடிபி வேலை செய்பவர்கள் விண்டோஸ் ஃபோல்டரில் உள்ள ஃபான்ட்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய தமிழ் ஃபான்ட்களைத் திரும்பத் தேடுவது பெரும்பாடு. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் இப்படிக் காப்பி செய்தால் வராது.

8. விண்டோஸைச் சரிசெய்வது

விண்டோஸ் தொடர்ந்து இரண்டு முறை எழ முடியாமல் விழுந்தால், அடுத்த முறை ரிப்பேர் திரை தானாக வரும். வராவிட்டால் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு இரண்டாவது பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதில் பூட் செய்து "ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்.

வரிசை முக்கியம். முதலில் ஸ்டார்ட்அப் ரிப்பேர். அது பலிக்காமல், கோளாறு அப்டேட் முடிந்த மறுநாளே வந்திருந்தால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். அடுத்து சிஸ்டம் ரிஸ்டோர். இது உங்கள் சொந்த ஃபைல்களைத் தொடாது, சமீபத்தில் போட்ட மென்பொருள், டிரைவர், அப்டேட்களை எடுத்துவிடும். அரை மணிக்கு மேலும் ஓடலாம், நடுவில் கரண்ட் போகக் கூடாது. மின்வெட்டு இல்லாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் 4 அழுத்தி சேஃப் மோடில் நுழைய முடிந்தால், பெரும்பாலும் விண்டோஸ் நன்றாக இருக்கிறது, ஏதோ ஒரு டிரைவரோ ஆன்டிவைரஸோதான் மறிக்கிறது. கடைசியாகப் போட்டதை அங்கிருந்தே நீக்குங்கள்.

"ரீசெட் திஸ் பிசி" கடைசி வழி. அதில் "கீப் மை ஃபைல்ஸ்" என்று கொடுத்தாலும் நீங்கள் போட்ட மென்பொருள்கள் எல்லாம் போய்விடும். கிளவுட் டவுன்லோட் என்றால் 4 ஜிபிக்கு மேல் டேட்டா தின்னும், போன் ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் கவனிக்கவும்.

சரியான பிறகு கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் "குட்" என்றிருந்தால் சரி. மஞ்சளில் "காஷன்" என்றிருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது. இதே தொல்லை மறுபடி வரும், அதற்குள் டிஸ்கை மாற்றிவிடுங்கள்.

9. கடைக்குப் போக வேண்டியிருந்தால்

மானிட்டர், கீபோர்டு, கேபிள் எதையும் எடுத்துப் போக வேண்டாம், சிபியு பெட்டி மட்டும் போதும். டேட்டா முக்கியமென்றால், கோளாறு டிஸ்கில் இல்லாதபோது டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். "ஆன் ஆகலை" என்று சொல்லாதீர்கள். "ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை, ரேம் இரண்டையும் தனித்தனியாக மாட்டிப் பார்த்தாயிற்று" என்று சொன்னால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கம்ப்யூட்டரை வாங்கிக்கொள்ளும்போது கடையில் எழுதித் தரும் ஜாப் ஷீட்டைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: உள்ளே இருக்கும் ரேம், டிஸ்க் இரண்டின் அளவும் சீரியல் நம்பரும்; பார்ப்பதற்கு மட்டும் எவ்வளவு கட்டணம்; "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்ற வரி. மாற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டியில் டிஸ்க் மாற்றினால் மட்டும் பழையதைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும், அதிலுள்ள டேட்டா திரும்ப வராது.

ஜாப் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன், கேபினெட்டின் உள்பக்கத்தைத் திறந்த நிலையில் அங்கேயே ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் ஸ்டிக்கர் படத்தில் படிக்கும்படி இருக்கட்டும்.